நடப்பவன் கணக்கில் உண்டா?

2025ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 26ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளத்தில் புதிய விமான நிலையக் கட்டடம் திறந்து வைக்கப்பட்டது. ஏறக்குறைய 450 கோடி ரூபாய்ச் செலவு. 17,340 சதுர மீட்டர் பரப்பு. ஆண்டொன்றுக்கு 20 லட்சம் பயணிகள் வந்துபோகலாம் என்பது திட்டம். 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீட்டப்பட்டுள்ளது. அதே விழாவில், துறைமுகம் நோக்கிச் செல்லும் சாலையில் 5.16 கிலோமீட்டர் நீளம் ஆறுவழிப் பாதையாக்கப்பட்டு நாட்டுக்கு அளிக்கப்பட்டது.

மகிழ்கிறோம். புட்பக விமானம் அன்றே எம்மிடம் இருந்தது என்று பழம்பெருமை பேசித் திண்ணையில் சாய்ந்துகிடக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லோம் நாம். விண்ணிலே பறப்பது மந்திரத்தால் அன்று, மதியால் முடிந்தது என்று மாணவர்க்குச் சொல்லித் தருபவர்கள். எனவே, கரிசல் சீமைக்கு அருகே விமானம் வந்திறங்குவதை வேண்டாமென்று சொல்ல மாட்டோம். ஆயினும், விமானம் இறங்கியபின் பயணி வந்து சேருமிடம் எது? சாலை! அந்தச் சாலை யாருக்காகத் திட்டமிடப்படுகிறது என்பதே நமது கேள்வி.

நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். மதுரையிலிருந்து தெற்கே இரண்டு நெடுஞ்சாலைகள் பிரிகின்றன. ஒன்று விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாகத் திருநெல்வேலிக்குச் செல்வது. இன்று தேசிய நெடுஞ்சாலை 44. மற்றொன்று அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடியை அடைவது, அது 38. இவ்விரண்டின் கீழ்முனைகளையும் இணைத்து, திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஓடுகிறது 138ஆம் எண் சாலை. அதன் ஓரத்தில்தான் வாகைக்குளம். இந்த முக்கோணத்தின் வயிற்றுக்குள் கிடக்கிறது கரிசல்: எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கடம்பூர், பாஞ்சாலங்குறிச்சி. சுற்றிலும் சாலை, நடுவிலே புழுதி. உள்ளே வாழ்பவன் எந்த ஊருக்குப் போகவேண்டுமானாலும் இம்மூன்றில் ஒன்றில் ஏறவேண்டும். அல்லது குறுக்கே கடக்கவேண்டும்.

கரிசலில் சாலை போடுவது எளிதன்று. கோடையிலே வெடித்து, கையை நுழைக்குமளவு பிளந்துகிடக்கும் மண், ஐப்பசி மழை இரண்டு விழுந்ததும் ஊதிப் பெருத்துக் களியாகிறது. காலை வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வண்டிச் சக்கரத்தில் அப்பிக்கொண்டு மாட்டை மண்டியிட வைக்கும். ஈரத்தை நெடுநாள் தன்னுள் பிடித்து வைத்திருப்பதனாலேதான் ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழையைக் கொண்டே பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைகின்றன. 1901ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை அமைந்ததும் இந்த மானாவாரி மண்ணின் பொருட்டே. பயிருக்குத் தாயான அதே குணம் சாலைக்குப் பகை. மேலே எத்தனை தார் ஊற்றினாலும், அடியில் மண் ஊதிச் சுருங்க, முதலில் ஓரத்தில் வெடிப்பு, பின்பு நடுவில் பள்ளம். ஆகவே கரிசலை ஆழத் தோண்டி அகற்றிவிட்டுச் சரள்மண் நிரப்பவேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து கட்டவேண்டும். இருபுறமும் நீர் வடிய வழி செய்யவேண்டும். இதனை ஒப்பந்தக்காரரும் அறிவர், ஊராரும் அறிவர். அறிந்தும் குறுக்குவழி தேடும்போது, மறு ஐப்பசியே சாட்சி சொல்லிவிடுகிறது.

இத்தகைய மண்ணின்மீது, பெருஞ்செலவு செய்து சாலை போடத் துணிந்தவர்கள் யார்? எதற்காக?

இராணி மங்கம்மாளிடமிருந்து தொடங்கலாம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட அந்த அம்மையாரின் பெயரால் 'மங்கம்மாள் சாலை' என்று தென்பாண்டிச் சீமையில் இன்றும் வழங்குகிறார்கள். சாலையோரம் நிழல்மரம், இளைப்பாறச் சத்திரம், குடிக்கத் தண்ணீர். பெண்ணொருத்தி ஆண்டாள், நடப்பவனை நினைத்தாள் என்று பெருமையோடு சொல்லலாம், சொல்வோம். ஆனால் அந்நாளைய சத்திரத்து வாயிலும் திண்ணையும் எல்லோருக்கும் ஒன்றா? சோறு வேறு, பந்தி வேறு, சிலருக்கு வாயிலே இல்லை என்பதுதான் சாதிச் சமுதாயத்தின் நடைமுறை. மரநிழலுக்கு மட்டுந்தான் சாதி தெரியாது.

அடுத்து வந்தவன் வெள்ளையன். பீரங்கி போகவேண்டும், பட்டாளம் போகவேண்டும். 1799 செப்டம்பரில் பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிற்று. அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டனர். எங்கே? மறைவான சிறைக்கூடத்திலா? இல்லை. போவோர் வருவோர் காணும் பெருவழியோரத்தில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்திவைத்து! ரோமாபுரியின் ஆப்பியன் பெருவழியை வரலாற்று மாணவர் அறிவர். கி.மு. 312இல் படை நடக்கப் போடப்பட்ட அச்சாலையில்தான், ஸ்பார்டகஸ் தலைமையில் கிளர்ந்தெழுந்து தோற்ற அடிமைகள் ஆறாயிரவரைக் கி.மு. 71இல் வரிசையாகச் சிலுவையில் அறைந்தார்கள். பேரரசுகளுக்குச் சாலை என்பது போகும் வழி மட்டுமன்று. மக்களை அச்சுறுத்தும் விளம்பரப் பலகையுமாகும்.

பீரங்கிக்குப் பின் பஞ்சு. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அடிமை முறை ஒழியவேண்டும் என்று வடக்கும், நீடிக்கவேண்டும் என்று தெற்கும் மோதின. மான்செஸ்டர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வரவில்லை. உடனே ஆலை முதலாளிகளின் பார்வை நம் கரிசல்மீது திரும்பிற்று. திருநெல்வேலிப் பஞ்சுக்கு விலை ஏறியது. கட்டை வண்டிகள் பொதியேற்றிக்கொண்டு தூத்துக்குடிக் கடற்கரை நோக்கி ஊர்ந்தன. மழை பெய்தால் வண்டி நின்றது. வண்டி நின்றால் கப்பல் காத்தது. கப்பல் காத்தால் சீமையிலே முணுமுணுப்பு. "சாலை போடு" என்ற குரல் அங்கிருந்து வந்தது. கரிசல் உழவன் மனைவி பிரசவ வேதனையில் சேற்றிலே சுமக்கப்பட்டபோது வராத குரல்!

செலவை யார் தந்தது? சென்னை மாகாணத்தில் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலத்தின் பேரில் சாலைக்கென வரி விதித்தார்கள். பஞ்சு வணிகனுக்கு வழி. பருத்தி விளைவித்தவனுக்கு வரி. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறந்தது. கோவில்பட்டியில் நிலையம் வந்தது. பஞ்சரைக்கும் எந்திரங்கள் வந்தன, பின்னர் நூலாலைகள், தீப்பெட்டி ஆபீசுகள். சமீன் தலைநகரான எட்டயபுரத்தை, இரயில் தொட்ட கோவில்பட்டி முந்திற்று. சாலையும் தண்டவாளமும் எங்கே வளைகின்றனவோ அங்கே ஊர் வளர்கிறது, வளையாத இடத்தில் ஊர் தேய்கிறது. ஆகவேதான் சாலைத் திட்டத்தை எஞ்சினியர் மேசையில் மட்டும் விட்டுவைக்க முடியாது என்கிறோம்.

போட்ட சாலையில் யார் நடப்பது? இந்தக் கேள்விக்கு இந்நாட்டில் குருதி சிந்தப்பட்டிருக்கிறது. கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள கழுகுமலையில், தேரோடும் வீதி யாருக்கு உரியது என்ற பூசல் 1895இல் கலவரமாக வெடித்து உயிர்களைக் குடித்தது. கேரளத்து வைக்கத்தில், கோவிலைச் சுற்றிய தெருவிலே நடக்கும் உரிமைக்காக 1924இல் போர் மூண்டது. பெரியார் சென்றார், சிறைப்பட்டார், விடுதலையாகி மீண்டும் சிறைப்பட்டார். கேட்டது கருவறையன்று, கால் வைக்கத் தெரு! அதே 1924ஆம் ஆண்டில்தான் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையில் எவரும் நடக்கலாம், பொதுக்கிணற்றில் எவரும் நீர் எடுக்கலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். நாய் நடக்கலாம், பன்றி நடக்கலாம், மனிதன் நடக்கத் தீர்மானம் வேண்டியிருந்தது.

அதெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 1997இல், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மனோடு நின்று பாஞ்சாலங்குறிச்சிக்காகப் போரிட்ட கரிசல் மண்ணின் மைந்தர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பிற்று. கல்வீச்சு, கலவரம், சாவு. முடிவில் போக்குவரத்துக் கழகங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்கள் பெயர்களை நீக்கவேண்டியதாயிற்று. பஸ்ஸுக்கு டீசல் போதும், சாதி தேவையில்லை என்பதைக்கூட நம்மவர்க்கு இன்னும் விளக்கவேண்டியிருக்கிறது.

இனி, திட்டமிடுவோரின் ஏட்டுக்கு வருவோம். 1927இல் செயகர் தலைமையில் அமைந்த குழு, இந்தியாவுக்குச் சாலை வளர்ச்சி வேண்டுமென ஆய்ந்தது. 1934இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற எஞ்சினியர் அமைப்பு தோன்றிற்று. 1943இல் நாகபுரியில் கூடி இருபதாண்டுத் திட்டம் தீட்டினார்கள். தேசிய நெடுஞ்சாலை, மாநிலச் சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்ற வகைப்பாடு அங்கிருந்துதான் நிலைபெற்றது. கோவில்பட்டி வழிச் சாலை, காசியிலிருந்து கன்னியாகுமரி வரையிலான 7ஆம் எண் நெடுஞ்சாலையின் பகுதியாயிற்று. பின்பு நால்வழியாக அகன்றது. 2010இல் எண் மாற்றம் வந்தபோது 44 ஆயிற்று. இருமருங்கும் நின்ற புளியும் வேம்பும் வெட்டுண்டன. நடுத்திட்டிலே அரளி நட்டிருக்கிறார்கள். அரளி நிழல் தராது, ஆடுகூடக் கடிக்காது.

அகலப்படுத்துமுன் ஊர்திகளை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கைக்கு ஒரு வாய்பாடு உண்டு. கார் ஒன்று என்றால், லாரியோ பஸ்ஸோ மூன்று, சைக்கிள் அரை, கைவண்டி மூன்று, மாட்டுவண்டி எட்டு. மாட்டுவண்டிக்கு என்ன மரியாதை என்று வியக்கவேண்டாம்! எட்டுக் கார் போகும் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது, இடைஞ்சல் செய்கிறது என்பதற்கான எண் அது. ஐம்பது பேர் அமர்ந்து செல்லும் பஸ்ஸுக்கு மூன்று என்பதும் அப்படியே. ஆட்களை எண்ணவில்லை, அடைப்பை எண்ணுகிறார்கள். நடப்பவனுக்கோ இந்த வாய்பாட்டில் எண்ணே இல்லை. அவன் சுழியம்.

ஓரவஞ்சனையாகச் சொல்லலாகாது: சாலையைக் குறுக்கே கடப்போர்க்கென்று தனிக்கணக்கு ஒன்று நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. நெரிசல் மிக்க ஒரு மணி நேரத்தில் கடக்கும் மனிதரை எண்ணவேண்டும். அதே நேரத்தில் ஓடும் ஊர்திகளை எண்ணி, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, வந்ததை மனிதர் எண்ணிக்கையால் மீண்டும் பெருக்கவேண்டும். நடுத்திட்டு உள்ள சாலையாயின் விடை 20 கோடியைத் தொட்டால் முறையான கடவு அமைக்கத் தகுதி வரும். ஒருவேளை மட்டும் தொட்டால் போதாது. நாளில் நான்கு மணி நேரமாவது அந்த அளவு இருக்கவேண்டும். ஆயிரம் ஊர்திகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பிள்ளைகள் பள்ளிக்காகக் கடக்கிறார்கள். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம்; நாற்பதால் பெருக்கினால் நான்கு கோடி. தகுதியில்லை. இருநூறு பேர் கடந்திருக்கவேண்டும்! எங்கள் கரிசல் கிராமம் ஒன்றில் இருநூறு பேர் ஒரே மணியில் எங்கே திரள்வார்கள்? திருவிழாவில் திரள்வார்கள், அல்லது, அதே இடத்தில் ஒரு பிள்ளை அடிபட்டு விழுந்த அன்று மறியலுக்குத் திரள்வார்கள்.

விந்தை இன்னொன்று. விமான நிலையத்தால் போக்குவரத்து பெருகி, ஆயிரம் இரண்டாயிரமாகிறது என்று கொள்ளுங்கள். இப்போது ஐம்பது பேர் கடந்தாலே 20 கோடி வந்துவிடும். அஃதாவது, ஆபத்து நான்கு மடங்கானபின் உரிமை கிடைக்கிறது. காய்ச்சல் நூற்றைந்தைத் தொட்டால்தான் மருந்து என்பது போன்ற வைத்தியம்!

இந்தக் கணக்கின் விளைவு ஏட்டில் தெரிகிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். மொத்தச் சாலை நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் நூற்றுக்கு 36 சாவுகள். வாய்பாட்டில் சுழியமாக இருந்தவர்கள் சாவுப்பட்டியலில் எண்ணாகிறார்கள்.

ஊரார் என்ன செய்கிறார்கள்? ஒரே இடத்தில் மூன்று விபத்து நடந்தால், "அந்த இடம் காவு கேட்குது" என்கிறார்கள். எலுமிச்சம்பழம் வெட்டுகிறார்கள், ஒரு கல்லை நட்டுச் சிவப்புத் துணி சுற்றுகிறார்கள், ஓராண்டில் அது கோவில், ஈராண்டில் கொடை. கும்பிடுவதற்காக வண்டிகள் திடீரென்று நிற்க, பின்னால் வந்தது மோதி, நான்காவது விபத்து! அரசு விதியோ தெளிவாகவே சொல்கிறது: ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்றாண்டுகளில், கொடுங்காயமோ சாவோ நேர்ந்த விபத்துகள் ஐந்து நடந்தால், அல்லது பத்துப் பேர் மாண்டால், அது 'கரும்புள்ளி', ஆராய்ந்து திருத்தவேண்டும். அங்கே குடியிருப்பது பேயன்று. தவறான இடத்தில் திறந்த நடுத்திட்டு, விளக்கில்லாத வளைவு, மேட்டில் நின்று பள்ளத்தை மறைக்கும் விளம்பரத் தட்டி ஆகியவையே. பகுத்தறிவு இளைஞர்கள் காவல் நிலையத்திலிருந்து விபத்து விவரத்தைக் கேட்டு வாங்கி, ஊர்ச்சாவடியில் எழுதி ஒட்டுங்கள். கல்லுக்குச் சுற்றிய துணி தானே அவிழும்.

வாகைக்குளத்துச் சாலைக்கு என்ன வேண்டும்? இன்னும் இரண்டு பாதை சேர்ப்பது எளிய விடை. சென்னை மீனம்பாக்கத்தருகே கத்திப்பாரா மேம்பாலம் 2008இல் திறந்தது. நெரிசல் அடுத்த சந்திப்புக்குத் தள்ளிப்போனது. 2016இல் மெட்ரோ ரயில் விமான நிலையத்தைத் தொட்டபோதுதான் கையில் பெட்டியோடு வருபவர்க்கு நெரிசலில் சிக்காத இன்னொரு வழி கிடைத்தது. தூத்துக்குடிக்கு மெட்ரோ வேண்டுமென்று கேட்கவில்லை, பஸ் கேட்கிறோம். விமான நிலையத்தில் பறப்பவர் மட்டுமா இருக்கிறார்? தரை துடைக்கும் பெண், மூட்டை ஏற்றும் இளைஞன், இரவுக் காவலாளி ஆகியோர் காரிலா வருகிறார்கள்? வாயில்வரை பஸ், நிழற்குடை, ஊர் தோறும் டிராக்டரும் ஆட்டுமந்தையும் நுழையக்கூடிய சுரங்கப்பாதை, இருபுறமும் அறுந்துபோகாத அணுகுசாலை ஆகியவற்றை முதல் வரைபடத்திலேயே போடவேண்டும். பிறகு பார்ப்போம் என்றால், பிறகு பார்ப்பது கல்லறையைத்தான்.

தண்ணீருக்கும் வழி விடவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதையும், திருவைகுண்டத்தில் இரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டதையும் யாரும் மறந்திருக்க முடியாது. சாலைகள் பல இடங்களில் அறுந்தன. உயர்ந்த கரைபோட்டு ஓடும் நெடுஞ்சாலை, போதிய பாலமில்லையேல், கண்மாய்க்குப் போகும் நீரை ஒருபுறம் தேக்கி ஊரை மூழ்கடிக்கும். மறுபுறம் குளத்தைக் காயவைக்கும். இதே 138இல், வல்லநாட்டருகே தாமிரபரணிமீது கட்டிய பாலத்தின் மேற்பரப்பு மீண்டும் மீண்டும் பழுதாகி, ஒருபக்கத்தை அடைத்து வண்டிகளை விட்ட கதையும் நாடறிந்ததே. புதுப்பாலம்! ஆங்கிலேயன் கட்டிய பழைய பாலங்களில் இன்றும் லாரி போகிறது என்று கிழவர்கள் குத்திக்காட்டும்போது நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

நாம் பாடஞ்சொல்லும் பள்ளியும் நால்வழிச் சாலையின் ஓரத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகளிற் பாதிப்பேர் எதிர்ப்புறத்து ஊர். புத்தகப் பையை நடுத்திட்டின்மேல் வீசிவிட்டு, தாவி ஏறி, மறுபக்கம் பார்த்து ஓடுகிறார்கள். தை மாதத்தில் ஓரத்துப் பாதையில் உளுந்தும் மக்காச்சோளமும் காயப் போட்டிருப்பார்கள். அப்போது நிற்கவும் இடமில்லை. மங்கம்மாளைப் பற்றி வரலாற்றுப் பாடம் நடத்திய அன்று ஒன்பதாம் வகுப்பு மாணவியொருத்தி எழுந்து, "சார், அந்த ரோட்டை எப்படி சார் கிராஸ் பண்ணுவாங்க?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பெற்றோரும் நாமும் மனு எழுதி, உரிய அலுவலகம் ஒன்றுக்குச் சென்றோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கடப்போர் எண்ணிக்கை உண்டா என்று கேட்டார். அதற்கென்றே ஒன்பதாம் வகுப்பார் ஒரு காலைப்பொழுது நின்று எண்ணி, நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக் குறித்திருந்தார்கள், கொடுத்தோம். புரட்டிப் பார்த்து, "ஒரு மணி நேரந்தானே இருக்கிறது? நான்கு மணி நேரக் கணக்கு வேண்டும்" என்றார்.

நோட்டைத் திரும்ப வாங்கிவந்தோம். வரும் திங்கட்கிழமை காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி நிற்பதற்கு எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கேள்வி கேட்ட அந்தப் பெண் மனிதரை எண்ணுகிறாள்; மற்ற எழுவரும் ஊர்திகளை எண்ணுகிறார்கள்.